கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்குள் நடந்தால்: ஒரு நடைவழியின் மதிப்பீடு

கைத்தடி ஊன்றி வரும் பாட்டி, பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தாய், வெள்ளைக்கோல் பிடித்தவர், சக்கர நாற்காலிக்காரர். இந்த நான்கு பேரும் கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி, பக்கத்து பிரிக்பீல்ட்ஸின் கடைத்தெருவான ஜாலான் துன் சம்பந்தனில் சேலை எடுத்து, வாழையிலைச் சாப்பாடு முடித்து, யார் கையையும் பிடிக்காமல் நனையாமல் திரும்பிப் போக முடியுமா? இந்த மதிப்பீடு முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். கடைகளின் தரம், சாப்பாட்டின் ருசி எல்லாம் பிறகு. நகரம் என்னும் சேவையை வாங்கிப் பயன்படுத்துகிறவர் நடந்து போகிறவர்தான். அவரில் மெதுவாக நடக்கிறவருக்கு எது சரிப்படுமோ அது எல்லாருக்கும் சரிப்படும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். துண்டு துண்டாகப் பார்த்தால் இந்த வழி நன்றாகவே தேறும். துண்டும் துண்டும் சேருகிற இடத்தில்தான் தோற்கிறது. ரயில் நிலையத்தின் நிலம் ஒருவருடையது, பேரங்காடி இன்னொருவருடையது, சாலையோர நடைபாதை மாநகர் மன்றத்தின் பொறுப்பு, கடை முன்னால் அஞ்சடி எனப்படும் கூரையிட்ட நடைவழி கடை உரிமையாளரின் பட்டாவில் அடங்கியது. நடப்பவருக்கு இது ஒரே வழி. பராமரிப்பவர்களுக்கு நான்கு சொத்து. அவரவர் தம் எல்லைக்கோடு வரை பளபளப்பாகக் கட்டி நிறுத்திக்கொள்கிறார்கள். சக்கரம் தட்டுவதும் கால் இடறுவதும் அந்தக் கோட்டில்தான்.

இந்தக் குறை எப்படி வருகிறது என்பதற்குக் கே.எல். சென்ட்ரலின் கதையே போதும். ரயில்பெட்டிகளைக் கோத்துப் பிரித்த பழைய ரயில்வே களத்தில், 72 ஏக்கரில் எழுந்த நிலையம் 2001 ஏப்ரலில் திறந்தது. கொமியூட்டர் என்னும் புறநகர் ரயில், எல்ஆர்டி என்னும் இலகு ரயில், விமான நிலைய ரயில் மூன்றும் ஒரே கூரைக்குள் வந்தன. மோனோரயில் 2003 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. அதன் நிலையத்துக்கும் கே.எல். சென்ட்ரல் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அது பெரிய நிலையத்தை விட்டுத் தள்ளி, ஜாலான் துன் சம்பந்தனுக்கு மேலே தனியாக நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கி நடந்துதான் மாற வேண்டும். நியூ சென்ட்ரல் பேரங்காடி 2014-இல் திறந்த பிறகுதான் இரண்டும் கூரைக்குள் சேர்ந்தன. சில நூறு அடி தூரத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருப்பு. ரயில் பாதைக்கும் நிலையத்துக்கும் பணம் ஒதுக்கும்போதே இணைப்புக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்பது நகரத் திட்டத்தில் பாலபாடம். அது தனி வேலையாகத் தள்ளிப்போனால் யாருடைய கணக்கிலும் வராது.

2017 ஜூலையில் எம்ஆர்டி என்னும் பெருவிரைவு ரயில் வந்தது. அதன் முசியம் நெகாரா நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குச் சுமார் 240 மீட்டர் நீளத்தில் கூரையிட்ட வழி இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லை. ஆனாலும் 240 மீட்டர் என்பதை நேரமாக மாற்றிப் பாருங்கள். நல்ல கால் உள்ளவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். அவருக்கு மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. மூட்டுவலிக்காரர் நொடிக்கு 0.8 மீட்டர்தான், அவருக்கு ஐந்து நிமிடம், நடுவில் உட்காராமல் போனால். இந்த அளவு நீளமான இணைப்பு எதுவானாலும் ஐம்பது மீட்டருக்கு ஓர் இருக்கை வேண்டும். முதுகு சாயவும் எழும்போது ஊன்றவும் கைப்பிடி உள்ள இருக்கை. சாய்ந்து நிற்க மட்டும் உதவும் குழாய்க் கம்பி கணக்கில் சேராது. தைப்பூச நேரத்தில் பத்துமலைக்கு ரயில் மாற இதே நிலையத்தில் எத்தனை வயதானவர்கள் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இருக்கையின் அருமை புரியும்.

நல்ல இணைப்புக்கு ஊருக்குள்ளேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2020 பிப்ரவரியில் திறந்த சலோமா பாலம் வெறும் 69 மீட்டர்தான். ஆற்றாலும் விரைவுச்சாலையாலும் பிரிந்து, பார்வைக்குப் பக்கத்திலும் காலுக்குத் தூரத்திலும் இருந்த கம்போங் பாருவையும் இரட்டைக் கோபுரம் நிற்கும் கேஎல்சிசி பக்கத்தையும் அது சேர்த்துவிட்டது. கேஎல்சிசியிலிருந்து புக்கிட் பிந்தாங் பக்கம் போகும் குளிரூட்டப்பட்ட மேல்நடைவழி வேறு வகை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். மழை நாளில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஆட்களை எல்லாம் மேலே தூக்கிவிட்டால் கீழே தெருவில் கடைக்கு வாடிக்கையும் குறையும், இரவில் நடப்பவருக்குத் துணையும் குறையும். பிரிக்பீல்ட்ஸுக்கு அந்த மருந்து வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்த வட்டாரத்தின் உயிர் தரைமட்டத்தில் இருக்கிறது. பூக்கட்டுபவரும் வடை சுடுபவரும் இரண்டாம் மாடியில் இருக்க மாட்டார்கள்.

பொதுவழி ஒரு பேரங்காடிக்குள் புகுந்து வெளியேறும்போது வேறு சிக்கல் வரும். கடை மூடும் நேரம் ஒன்று, கடைசி ரயில் நேரம் வேறு. அப்படிப்பட்ட வழி எங்கே இருந்தாலும் முதல் ரயிலுக்கு முன் திறந்து கடைசி ரயிலுக்குப் பின் மூடவேண்டும் என்பதைக் கட்டட அனுமதியிலேயே நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். நல்லெண்ணத்தை நம்பி விடக்கூடாது. நிர்வாகம் மாறினால் நேரமும் மாறும். இன்னொன்று மின்தூக்கி. தெருவுக்கு இறங்க ஒரே மின்தூக்கி இருந்து அது பழுதானால், சக்கர நாற்காலிக்காரருக்கு அந்த நிலையமே இல்லாததுபோல்தான். இரண்டாவது மின்தூக்கியோ சாய்தளமோ கட்டாயம். இரண்டும் இல்லாத இடத்தில், பழுது அறிவிப்பை ரயில் ஏறும் நிலையத்திலேயே ஒட்ட வேண்டும். இறங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

இனித் தெரு. பிரிக்பீல்ட்ஸுக்கு வாய்த்த பெரிய பேறு அதன் பழைய எலும்புக்கூடு. குறுக்குத் தெருக்கள் குட்டையானவை: தம்பிப்பிள்ளை, பாடாங் பெலியா, ஸ்காட், பெர்ஹாலா. வீடு, கோவில், பள்ளி, சங்கம், மளிகை, மருந்தகம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இப்படி அமைந்த ஊரைப் புதிதாகக் கட்ட முடியாது, இருப்பதைக் கெடுக்காமல் காப்பாற்றத்தான் முடியும். ஒரு பழைய கடைவீட்டின் முகப்பு ஏறக்குறைய ஆறு மீட்டர். நூறு மீட்டர் நடந்தால் பதினாறு வாசலைக் கடப்பீர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், ஒரு விளக்கு, ஒரு நிழல். அதே நூறு மீட்டரில் ஒரு கோபுரக் கட்டடத்தின் அடித்தளம் வந்தால், இரண்டு கார் நுழைவாயிலும் மீதிக்கு வெறுஞ்சுவரும்தான். அங்கே நடைபாதை நான்கு மீட்டர் அகலம் இருந்தாலும் இரவில் யாரும் நடக்க மாட்டார்கள். புதுக் கட்டடத்துக்கு எவ்வளவு உயரம் அனுமதிக்கலாம் என்று சண்டை பிடிப்பதைவிட, தரைத்தளத்தில் எத்தனை வாசல் என்று கேட்பது அதிகப் பலன் தரும்.

அஞ்சடி இந்தத் தெருக்களின் அடுத்த சொத்து. 1881-இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரின் மரச்சுவர், அத்தாப்புக் கூரை வீடுகளைத் துடைத்தெடுத்தன. அதன்பின் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் செங்கல் சுவரையும் ஓட்டுக்கூரையையும் வற்புறுத்த, அந்தச் செங்கல் வெந்த சூளைகள்தான் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயரைக் கொடுத்தன. கடைமுன் ஐந்தடி வழி விடும் வழக்கமும் அந்தக் காலத்து ஏற்பாடுதான். ஐந்தடி என்றால் 1.52 மீட்டர். சக்கர நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பத் தேவையானது 1.5 மீட்டர். அந்தக் காலத்தில் யாரும் அதை எண்ணிக் கட்டவில்லை, ஆனாலும் அளவு பொருந்துகிறது.

பொருந்தாமல் போவது நாம் வைக்கும் சாமானால். 60 சென்டிமீட்டர் அகல மேசை ஒன்று சுவரோரம் இருந்தால் மீதி 92. நேராக ஒரு சக்கர நாற்காலி போய்விடும். எதிரே தூணோரம் ஒரு பூந்தொட்டி வைத்தால் முடிந்தது. ஆகவே விதி எளியது: ஒரு வரிசைக் கடைகள் அத்தனையும் ஒரே பக்கம் மட்டும் சாமான் வைக்க வேண்டும். சுவர்ப்பக்கமென்றால் எல்லாரும் சுவர்ப்பக்கம். கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கக்கூடிய காரியம், ஒரு சென் செலவில்லை.

படிதான் கடினமான வேலை. ஒவ்வொரு கடையும் தன் தரையைத் தனித்தனியாக உயர்த்திக்கொண்டதால், பல இடங்களில் அஞ்சடி ஏறி இறங்கும். 15 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கு 1:12 சரிவு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) போட்டால் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். கொத்தனார் பெரும்பாலும் 60 சென்டிமீட்டரில் சிமெண்டை அள்ளிப் பூசி முடித்துவிடுவார். அது 1:4. சக்கர நாற்காலி அதில் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் சாயும். ஈரத்தில் பாட்டியின் செருப்பு வழுக்கும். ஆறு மீட்டர்க் கடைக்கு இரண்டு பக்கமும் முறையான சரிவு வைத்தால் 3.6 மீட்டர் சரிவுக்கே போய்விடும், வாசலுக்கு முன் 2.4 மீட்டர் சமதளம்தான் மிஞ்சும். கடை கடையாகச் சரிசெய்ய முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். வரிசை முழுவதற்கும் ஒரே மட்டம் குறித்து, உயர வேறுபாட்டை வரிசையின் இரண்டு முனைக்கும் தள்ள வேண்டும். பத்து உரிமையாளர்களின் கையெழுத்து வாங்குவது சிமெண்ட் வாங்குவதைவிடச் சிரமம்தான். அதற்காகவே மாநகர் மன்றம் நடுவில் நின்று வேலையை எடுத்துச் செய்ய வேண்டும்.

மேல்பூச்சு பற்றி ஒரே வரி: பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பான கல்லோ, ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடு இழுத்த சிமெண்டோ போதும்.

இப்போது மஞ்சள் கல். மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய சங்கம். பார்வையற்றவர்கள் வேலைக்கும் பயிற்சிக்கும் மசாஜ் நிலையங்களுக்கும் தினமும் நடந்து போகும் வட்டாரம் இது. அதனால் நடைபாதையில் பதித்த மஞ்சள் வழிகாட்டிக் கல்லுக்கு இங்கே அலங்கார வேலையில்லை. அது அவர்களுக்குச் சாலைக்கோடு. குனிந்து பார்த்தால் இரண்டு வகைக் கல் தெரியும். நீளக் கம்பிபோல் கோடுகள் புடைத்த கல், கோடு போகும் திசையில் நட என்கிறது. வட்டப் புள்ளிகள் புடைத்த கல், நில் என்கிறது: முன்னால் படி, சாலை, அல்லது வழி பிரிகிறது. ஒரு கல் பொதுவாக 30 சென்டிமீட்டர்ச் சதுரம், புடைப்பு ஐந்து மில்லிமீட்டர் அளவு. செருப்பின் அடியிலும் கோலின் நுனியிலும் தெரிய அது போதும். மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. முழுப் பார்வையும் போகாமல் மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு அந்த நிறமே கோடு. சாம்பல் நிற நடைபாதையில் சாம்பல் நிற வழிகாட்டிக் கல்லை அழகுக்காகப் பதித்தால் பாதிப்பேருக்கு அது இல்லாததுபோல்.

தவறுகள் எங்கே வருகின்றன என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். புள்ளிக் கல்லையே வரிசையாக நீளப் பதித்துவிடுவது ஒன்று. அடிக்கு அடி நில் நில் என்று சொல்லும் வழி யாருக்கும் வழியாகாது. கோட்டுக் கல்லைக் குறுக்காகத் திருப்பிப் பதித்தால் அது ஆளைச் சாலைக்குள் அனுப்பும். விளக்குக் கம்பம் முதலிலேயே இருக்க, பதிப்பவர் நேர்கோட்டை விடாமல் கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிடுவதும் உண்டு. கோட்டின் இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் தோளும் கைப்பையும் இடிக்காது. எல்லாவற்றிலும் மோசமானது தோண்டி மூடுவது. குழாய்க்கோ கேபிளுக்கோ ஒரு குத்தகையாளர் தோண்டுவார், மூடும்போது கையில் இருக்கும் வெறுங்கல்லைப் போட்டுவிட்டுப் போவார். மூன்று கல் விடுபட்டால் 90 சென்டிமீட்டர். பார்க்கிறவருக்கு அது ஒட்டுப்போட்ட தரை. கோலால் தேடுகிறவருக்கு அங்கே வழி அறுந்துபோகிறது.

மோட்டார் சைக்கிள் பிரச்சினைக்குத் தடுப்புத் தூண் நட்டால் தீரும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். தீராது. சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதில் மோட்டார் சைக்கிளும் நுழையும். இடைவெளியைச் சுருக்கினால் நாற்காலிதான் வெளியே நிற்கும். வண்டிக்காரர் நடைபாதையில் ஏற்றுவது வேறு இடமில்லாததால். சாலையோரத்தில் ஒரே ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள் நிற்கும். தெருவுக்கு இரண்டு கார் இடத்தை எடுத்து மோட்டார் சைக்கிளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் பத்து வண்டி நடைபாதையை விட்டு இறங்கும். உணவு கொண்டுபோகும் இளைஞர்கள் பத்து நிமிடம் நிறுத்தும் இடத்தை உணவகத்துக்குப் பக்கத்திலேயே கொடுக்க வேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளிக் கொடுத்தால் அவர்கள் போக மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

லிட்டில் இந்தியாவாக 2010-இல் ஜாலான் துன் சம்பந்தன் புதுமுகம் பெற்றது. வளைவுகளும் விளக்குத் தூண்களும் நீரூற்றும் வந்தன. 2015 நவம்பரில் சாஞ்சி பௌத்தத் தூபியின் தோரணத்தை ஒத்த வாயில் ஒன்றை இந்தியா பரிசாக அளித்தது. இவை நம் இடம் என்று காட்டும் அடையாளங்கள், அந்தப் பெருமிதத்தை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் ஒருவழிச் சாலையாக அமைந்த தெருவில் வண்டிகள் வேகமெடுப்பது இயல்பு; எதிரே வண்டி வராது என்று ஓட்டுநருக்குத் தெரியும். மூன்று தடம், ஒவ்வொன்றும் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கடக்க வேண்டியது 10.5 மீட்டர். வேகமாக நடப்பவருக்கு ஒன்பது நொடி, பாட்டிக்குப் பதின்மூன்று. பச்சை விளக்கை ஒன்பது நொடிக்கு வைத்தவர் பாட்டியைக் கணக்கில் எடுக்கவில்லை. பேருந்துக்கு ஒரு தடத்தை 3.25 ஆக விட்டு மற்ற இரண்டையும் மூன்று மீட்டராகச் சுருக்கினால் 1.25 மீட்டர் மிஞ்சும். அது அப்படியே நடைபாதைக்கு வரும், கடக்கும் தூரமும் குறையும், தடம் குறுகலாகத் தெரிவதால் ஓட்டுநரின் காலும் தானாகத் தளரும். இப்படிப்பட்ட கடைத்தெருவுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் போதும்.

பாதசாரிக் கடப்பைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தி நடைபாதை மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வண்டிதான் ஏறி இறங்கும், ஆள் நேராக நடப்பார். சிறப்பான ஏற்பாடு. இங்கே ஓர் எச்சரிக்கை: கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. உயர்த்திய கடப்பு ஓரக்கல்லை ஒட்டி ஓடும் தண்ணீருக்கு அணைபோல் நிற்கும். இரு ஓரத்திலும் அடியில் குழாயோ மூடிய வாய்க்காலோ வைக்காவிட்டால் முதல் பெருமழையிலேயே கணுக்கால் அளவு தேங்கி, கடப்பே பயன்படாமல் போகும். லோங்காங் எனப்படும் வடிகாலின் கம்பி மூடியிலும் கவனம் வேண்டும். கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இடைவெளி 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நடக்கும் திசையிலேயே கம்பி ஓடினால் தள்ளுவண்டியின் முன்சக்கரமும் கைத்தடியின் நுனியும் உள்ளே இறங்கிவிடும்.

நிழல் இல்லாத நடைபாதை பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை மூடிய கடைக்குச் சமம். மரம் நட ஒன்றரை மீட்டர்ச் சதுரக் குழியாவது வேண்டும். சின்னக் குழியில் நட்டால் வேர் தரையைப் பிளந்து கல்லைத் தூக்கும், பிறகு கல்லுக்காக மரத்தை வெட்டுவார்கள். குழியைக் கடப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, ஓட்டுநரின் பார்வையை மறைக்கும்.

தீபாவளிச் சந்தை நேரத்தில் இந்த ஒழுங்கெல்லாம் சோதனைக்கு வரும். கடைகளைச் சாலையோரக் கார் இடங்களில் போட்டு, முதுகு சாலைக்கும் முகம் நடைபாதைக்கும் இருக்கும்படி வைத்தால் வாங்குபவர்கள் பாதுகாப்பாக நிற்பார்கள். நடைபாதையில் இரண்டு மீட்டர் விட்டு வைக்க வேண்டும், மஞ்சள் கோட்டின்மேல் ஒரு பெட்டிகூட வைக்கக்கூடாது. விளக்கு வயர் 2.1 மீட்டருக்குக் கீழே தொங்கக்கூடாது. வெள்ளைக்கோல் தரையைத்தான் சொல்லும், முகத்துக்கு நேரே தொங்குவதைச் சொல்லாது. கடை ஒதுக்கும் படிவத்திலேயே இந்த மூன்றையும் எழுதிவிடலாம்.

குறை சொல்ல விரும்புவோருக்கு: மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இன் 26-ஆம் பிரிவு பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது, அளவுகளுக்கு எம்எஸ் 1184 என்னும் மலேசியத் தரநிலை இருக்கிறது. "நடைபாதை மோசம்" என்று எழுதினால் கோப்பு நகராது. அளவுநாடாவைத் தரையில் விரித்து வைத்துப் படம் எடுங்கள். பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், தேதி, நேரம், எத்தனை சென்டிமீட்டர் என்பதை எழுதுங்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் குறையென்றால் இரண்டு பக்கத்து நிர்வாகத்துக்கும் ஒரே கடிதத்தை, பெறுநர் இருவர் பெயரையும் போட்டு அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

தோண்டும் வேலை தொடங்குவதைப் பார்த்தால் அன்றைக்கே மஞ்சள் கல் இருக்கும் நிலையைப் படம் எடுத்து, அங்கே நட்டிருக்கும் குத்தகையாளர் பலகையையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடும் நாளில் அந்தப் படத்தைக் காட்டி, கோட்டுக் கல் எத்தனை, புள்ளிக் கல் எத்தனை என்று எண்ணிச் சரிபார்க்கலாம்.